படத்தில் இல்லாத நாலு நிமிஷம்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
17.1.2000

அன்புள்ள தமயந்தி அக்காவுக்கு,

நானும் அதிதியும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். மூன்று பஸ் மாறியும் கேமராவுக்கு ஒரு கீறல் இல்லை. நீங்கள் தூக்கில் கொடுத்தனுப்பிய அவரைக்காய்க் குழம்புதான் பைக்குள் கொஞ்சம் கவிழ்ந்துவிட்டது. மிச்சத்தை இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டோம்.

ஆறு நாள் உங்கள் லைன் வீட்டு வாசலிலும், பொம்மசந்திராவில் உங்கள் தையல் கம்பெனி கேட்டுக்கு வெளியிலும் வழியை மறித்துக்கொண்டு நின்றோம். நீங்கள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசி நாள், "என்னை எதுக்கும்மா படம் புடிக்கறே? என்கிட்ட அப்பிடி என்னா இருக்குது?" என்று கேட்டீர்கள். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன்.

பதில் இதுதான். கல்லூரியில் படிக்கும்போது இங்கே ஒரு ஃபிலிம் சொசைட்டியில் ஜப்பான் நாட்டுப் பெண் ஒருத்தி எடுத்த படம் போட்டார்கள். மீன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. அதில் ஒருத்தி கடைசி வரை கேமரா பக்கம் திரும்பவே இல்லை. அவள் முதுகையே எடுத்திருந்தார்கள். எனக்கு அடுப்படியில் நிற்கும் என் அம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது. எங்கோ இருக்கும் ஒரு பெண் என் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஈரான், இலங்கை, தைவான் என்று எங்கே ஒரு பெண் படம் எடுத்திருந்தாலும் தேடிப் போய்ப் பார்க்கிறேன். எனக்கும் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை. அதற்கு நீங்கள் கதவைத் திறந்துவிட்டீர்கள். இந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ராஜி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வித்யாலட்சுமி


அத்திபெலே
30.1.2000

அன்புள்ள வித்யாவுக்கு,

மேடம் என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். நீங்கள் அக்கா என்று எழுதிய பிறகு மேடம் நன்றாக இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பத்தாவது முடித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது.

இங்கே நீங்கள் மூட்டிவிட்டுப் போன வேடிக்கை இன்னும் அடங்கவில்லை. தண்ணீர்க் குழாயில், "உன் படம் எந்தக் கொட்டாயில ரிலீசு?" என்று கேட்கிறார்கள். ராஜி அக்கா, "ஹீரோ யாருன்னு கேளுங்கடி, அதைச் சொல்ல மாட்டேங்கறா" என்று எடுத்துக் கொடுக்கிறாள். வீட்டு ஓனர் கோவிந்தப்பாவுக்கு வேறு வருத்தம். "ஏனம்மா, நம்ம பில்டிங்கும் அதுல வருதா? மொதல்லயே சொல்லியிருந்தா சுண்ணாம்பு அடிச்சிருப்பேனே!"

எனக்கு ஒரு குறைதான். மைக்கை மாட்டும்போது பழைய ரவிக்கையில் மாட்டிவிட்டீர்கள். நல்லது ஒன்று பெட்டியில் இருந்தது.

அந்த முதுகு காட்டின பெண்ணைப் பற்றி ராஜி அக்காவிடம் சொன்னேன். "அவளுக்கு என்ன கஷ்டமோ" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை இருந்திருக்கும், திரும்பியிருக்க மாட்டாள்.

அந்த ஆறு நாளும் யாரோ உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டார்கள் என்று சந்தோஷமாக இருந்தது.

அன்புடன்,
தமயந்தி


ரிச்சர்ட்ஸ் டவுன்
2.4.2000

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

கடைசி நாள் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் ரவிக்கையில் மாட்டிய மைக்கை எடுக்க மறந்துவிட்டேன். நீங்களும் மறந்துவிட்டீர்கள். அதிதி கேமராவைச் சந்து முனையில் வைத்து, கொடியில் காயும் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நீங்களும் ராஜி அக்காவும் பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசினீர்கள். அந்த மைக்குக்குக் கம்பி கிடையாது; அது வாங்குகிற சத்தம் நேராகக் கேமராவில் பதியும். நாலு நிமிஷம் பதிந்திருக்கிறது. பம்பாயில் இருப்பதாக நீங்கள் சொல்லும் ஒருவரைப் பற்றிய பேச்சு. இதற்கு மேல் எழுத மாட்டேன், கடிதம் யார் கையில் பிரியும் என்று தெரியாது.

முதல் வார்த்தையிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். முழுவதும் கேட்டேன். ஆளே இல்லாத சந்து, சொட்டுகிற துணிகள், எங்கிருந்தோ உங்கள் குரல். அதைவிட உண்மையான ஒன்றை நான் எடுத்ததில்லை. அப்படியே படத்தில் வைத்தேன். வைத்ததோடு நிற்காமல், கொரியாவில் ஆசியப் பெண்களின் படங்களுக்காக நடக்கும் ஒரு விழாவுக்கு அனுப்பினேன். முந்தாநாள் பதில் வந்தது. படத்தை எடுத்துக்கொண்டார்கள், என்னையும் அழைத்திருக்கிறார்கள். அந்த நாலு நிமிஷத்தைத்தான் பாராட்டியிருக்கிறார்கள்.

படித்து முடித்ததும் சந்தோஷத்தில் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். "அக்கா" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. உங்களிடம் கேட்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாதம் பெங்களூரிலும் திரையிடச் சொல்கிறார்கள்.

நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

வித்யா


அத்திபெலே
9.4.2000

வித்யாவுக்கு,

நீங்கள் எழுதத் தயங்கியதை நானே எழுதுகிறேன். என் புருஷன் பம்பாயில் இல்லை. தர்மபுரியில் இருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால், அடி பொறுக்காமல் நானே விட்டுவிட்டு வந்தேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கு இங்கே யாரும் வீடு தரவில்லை. பம்பாயில் வேலை என்று சொன்னேன், கோவிந்தப்பா சாவியைக் கொடுத்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு புடவை வாங்கி, அவர் அனுப்பியதாக லைன் முழுக்கக் காட்டுகிறேன். ராஜி அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். அன்றைக்குத்தான் அவளிடமே முழுசாகச் சொன்னேன்.

கொரியாக்காரருக்கு என்னைத் தெரியாது. பெங்களூரில் போட்டால்? எங்கள் கம்பெனிப் பெண்கள் பத்துப் பேராவது பார்க்க வருவார்கள், நான்தான் வரச் சொல்லிவைத்திருக்கிறேன். அன்று சாயங்காலமே லைனுக்குத் தெரியும். நான் எங்கே போவேன்?

அது உண்மை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். நீங்கள் உங்கள் வீட்டு ஓனர் ஹெர்பர்ட் அங்கிளிடம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று சொல்லித்தானே அந்த மாடி அறையை வாடகைக்கு வாங்கினீர்கள்? நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னது. அதை நான் போய் அவரிடம் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

உங்களை என் வீட்டுப் பெண் என்று நினைத்திருந்தேன்.

தமயந்தி


ரிச்சர்ட்ஸ் டவுன்
16.4.2000

அன்புள்ள அக்கா,

எடுத்துவிட்டேன். படத்தில் அந்த நாலு நிமிஷம் இனி இல்லை. துணிக்கொடி இருக்கிறது, சத்தமில்லாமல் அரை நிமிஷம். பெங்களூரில் போடப்போவது இதுதான். கொரியாவுக்கும் இதையே அனுப்பி, பழைய கேசட்டைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். காரணம் எழுதவில்லை. அனுமதி வாங்காமல் சேர்த்தது என் தவறு என்று மட்டும் எழுதினேன். அவர்கள் படத்தை வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம்.

அதிதி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. "பைத்தியமாடி உனக்கு? அந்த ஷாட்தான்டி படமே! போய்க் கால்ல விழுந்தாவது பர்மிஷன் வாங்கு" என்றாள். அதையும் யோசித்தேன் என்று உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். அத்திபெலே பஸ்ஸில்கூட ஏறிவிட்டேன். வழியிலேயே மடிவாளாவில் இறங்கித் திரும்பி வந்தேன். வந்து கேட்டால் நீங்கள் மனமிரங்கிச் சரி என்றுகூடச் சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் வரவில்லை.

ஹெர்பர்ட் அங்கிளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சினிமாவா? அப்ப எனக்கு ஒரு ரோல் குடும்மா, வயசான ஹீரோ" என்றார். எனக்கு அவ்வளவு சுலபமாக முடிந்தது. உங்களுக்கு அப்படி முடியாது என்று தெரியும்.

திட்டி எழுதியதற்கு நன்றி. எழுதாமலே இருந்துவிடுவீர்களோ என்றுதான் பயந்தேன்.

வித்யா


அத்திபெலே
18.6.2000

அன்புள்ள வித்யாவுக்கு,

படம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கம்பெனியில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. அன்று கூட்டத்தில் உங்களோடு பேச முடியவில்லை, பேசவும் தோன்றவில்லை. அந்தத் துணிக்கொடி வந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கொட்டாவி விட்டாள். நான் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னபடி செய்திருந்தீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த நாலு நிமிஷம் உங்களிடம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் எனக்குச் சாதாரண டேப் ரிக்கார்டரில் போடுகிற மாதிரி அனுப்புங்கள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அழுதேன் என்று மட்டும் தெரியும்.

தமயந்தி


ரிச்சர்ட்ஸ் டவுன்
4.7.2000

அன்புள்ள அக்கா,

முந்தாநாள்தான் கொரியாவிலிருந்து திரும்பினேன். உங்கள் கடிதம் கதவுக்கடியில் கிடந்தது. கேசட்டை இதோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கேமராவில் ஓடிய மூல டேப்பும் பொட்டலத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருந்ததையும், கொரியாவில் திருப்பித் தந்த பழைய கேசட்டில் இருந்ததையும் அழித்துவிட்டேன். இனி உலகத்தில் அது உங்களிடம் மட்டும்தான்.

படத்தை அவர்கள் ஒதுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை மாலையிலிருந்து செவ்வாய்க்கிழமை காலைக்கு மாற்றிவிட்டார்கள். பார்த்தவர்கள் பதினோரு பேர், அதில் ஒருவர் தூங்கினார். நீங்கள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சூப்பர்வைசரைக் கிண்டல் செய்யும் இடத்தில் பத்துப் பேரும் சிரித்தார்கள்.

அன்று மதியம் நாங்கள் ஐந்தாறு பேர் ஒரே மேசையில் சாப்பிட்டோம். எல்லோரும் படம் எடுக்கிற பெண்கள், எல்லோருக்கும் அரைகுறை ஆங்கிலம். விழாப் புத்தகத்தில் போட்டிருந்ததைவிடப் படத்தை ஏன் சுருக்கினாய் என்று தைவான்காரி கேட்டாள். சொன்னேன். உங்களிடம் கேட்காமல் சேர்த்ததை மட்டும், உங்கள் பேச்சில் இருந்ததை அல்ல. பிறகு அவள், தன் மாமியார் சாகும்போது எடுத்ததை இன்னும் யாருக்கும் காட்டவில்லை என்றாள். மணிலாவிலிருந்து வந்தவள், தன் வீட்டில் எடுத்ததைக் காட்டிவிட்டாளாம். அவளுடைய அக்கா ஏழு வருஷமாக அவளோடு பேசுவதில்லை. ஈரான் பெண் தன் தட்டிலிருந்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் மீன் சாப்பிட மாட்டேன். அன்றைக்குச் சாப்பிட்டேன்.

யாருடைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேனோ அவர்களோடு உட்கார்ந்திருந்தேன், அக்கா. உங்கள் கோபம் இல்லாவிட்டால் அந்த மேசையில் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

நன்றியுடன்,
வித்யா


பொம்மசந்திரா
27.8.2000

அன்புள்ள வித்யாவுக்கு,

மேலே ஊர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாமதத்துக்கு அதுதான் காரணம்.

கேசட் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜி அக்கா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டோம். முதலில் வேறு யாரோ பேசுகிறாள் என்று நினைத்தேன். வித்யா, நான் அழவே இல்லை. அழுவது ராஜி அக்கா. "அழுவாதக்கா, இப்ப நல்லாத்தானே இருக்கேன்? அங்க இருந்திருந்தா செத்திருப்பேன், அவ்ளோதான்" என்று நான் அவளைத் தேற்றுகிறேன். என் குரல் நடுங்கவே இல்லை. அதைச் சொன்னால் உடைந்துபோவேன் என்று ஆறு வருஷம் பயந்திருக்கிறேன். சொல்லியாகிவிட்டது, உடையவில்லை, எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. மூன்று தடவை கேட்டோம். மூன்றாவது தடவை ராஜி அக்கா, "நான் எதுக்குடி இப்பிடி ஒப்பாரி வெச்சேன்?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் கோவிந்தப்பாவிடம் போய் நானே சொன்னேன். கோபப்படவில்லை. "நீ நல்ல பொண்ணும்மா. ஆனா நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? ஆடி முடியட்டும், வேற வீடு பாத்துக்கோ" என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டேன், அது ஏனென்று தெரியவில்லை.

நீங்கள் செய்தது தப்பு. அதில் எனக்கு மாற்றம் இல்லை. தப்பு என்று நான் சொன்னதும் கேட்டீர்கள், கெஞ்ச வரவில்லை. என் பேச்சை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தீர்கள். அதுவரை நான் வேண்டாம் என்று சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒன்றரை மாதமாக மனதில் வைத்திருக்கிறேன். கேசட்டையோ டேப்பையோ யாருக்கும் தர மாட்டேன், படத்தில் மறுபடி சேர்க்கவும் வேண்டாம். நீங்கள் கேட்கவும் மாட்டீர்கள்.

புருஷன் இறந்ததிலிருந்து ராஜி அக்காவும் அங்கே தனியாகத்தான் இருந்தாள்; அவளும் என்னோடு கிளம்பிவிட்டாள். பொம்மசந்திராவில் வீடு தேடினோம். இரண்டு இடத்தில் உண்மையைச் சொன்னதும் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் வீட்டுக்காரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யார் யார் இருப்பீர்கள் என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேர் என்றேன். "வீட்டுக்காரரு?" என்றார். விட்டுட்டு வந்துட்டேம்மா என்றேன்.

அவர் கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டார். "தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், பரவாயில்லயா?" என்று கேட்டுவிட்டு, சாவி எடுக்க உள்ளே போனார்.

அன்புடன்,
தமயந்தி