கூரை மேல் உபயம்

7 ஜூலை 2025, திங்கள்
கோயில் மண்டபக் கூரையில் சோலார் பேனல் மாட்டிவிட்டார்கள். எங்கள் ஃபிளாட் ஆறாம் மாடி நடைபாதையில் நின்றால் நேர் கீழே தெரிகிறது. கறுப்பாக, பளபளவென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி. என் வீட்டுக்காரர் சுகுமாரனைக் கூட்டிவந்து காட்டினேன். "மாப்பிள்ளே, இனிமே உங்களுக்குச் சூரியனே விசிறி வீசும்" என்றேன். பக்கவாதம் வந்ததிலிருந்து கோணல் சிரிப்புத்தான். அதுவும் அழகுதான்.

நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை கேன்டீனுக்குச் சமைக்கப் போனதும், இவர் இன்னும் ஏழெட்டுப் பெரியவர்களோடு அந்த மண்டபத்தில்தான் இருப்பார். விசிறி ஓடி ஓடிக் கரண்டு பில் ஏறுகிறதாம். பேனல் போட்டும் இறங்கவில்லை என்றால் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாராம் கோயில் தலைவர் முனுசாமி அண்ணன். அப்புறம் இவரை யார் பார்ப்பது? நான் வேலையை விட வேண்டியதுதான்.

12 ஜூலை
கூரையில் ஓர் ஆள் சாய டின்னோடு ஏறியிருக்கிறான். எதற்கு?

13 ஜூலை, ஞாயிறு
உபயம்! ஒவ்வொரு பேனல் மேலும் கொடுத்தவர் பேர், வெள்ளைச் சாயத்தில், பட்டை பட்டையாக. நடுவில் எல்லாரையும்விடப் பெரிதாகத் தலைவரின் அப்பா: அமரர் வீராச்சாமி. டியூப் லைட், நாற்காலி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் எழுதி முடித்தாயிற்று. பாக்கி எங்கள் முதுகுதான்.

4 ஆகஸ்ட்
பில் வந்துவிட்டது. கொசுறு அளவுக்குத்தான் குறைந்திருக்கிறது.
"சோலாரெல்லாம் சும்மா லா. கெழவனுங்க விசிறிய முழுசா வச்சிட்டுத் தூங்குறானுங்க. மாசக் கடைசியோட நிப்பாட்டிக்கலாம்" என்றார் தலைவர்.
கெழவனுங்களா? அந்த மண்டபத்துக்கு மண் சுமந்த ஆளுங்கய்யா அவங்க!

6 ஆகஸ்ட்
பேனல் மாட்டிய யுகேந்திரன் தம்பியை வரச்சொல்லி, எங்கள் மாடியிலிருந்து காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டான்.
"கண்ணாடி மேல சாயம் அடிச்சா வெயிலு எப்படிக்கா உள்ள போவும்? ஒண்ணு மறைஞ்சா பக்கத்துல உள்ளதும் சோந்துரும். யாரு பார்த்த வேல இது?"
"பக்தி, தம்பி" என்றேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு
கோயில் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சாயத்தைச் சுரண்டுங்கள், பேர்களை வெள்ளிக்கிழமை பூசையில் மைக்கில் படியுங்கள் என்று. சிரிக்கிறார்கள்.
"பேரு போடாட்டி எவன் குடுப்பான்? உனக்கென்ன தெரியும் குணவதி? போய்ச் சட்டியக் கழுவு" என்றார் தலைவர்.
கழுவறேன். இவனுங்க தின்னுட்டுப் போட்ட சட்டியைத்தானே கழுவறேன்! சூரியன் சும்மா குடுக்குது, அது எங்கயாச்சும் பேரு எழுதிக் கேட்டுச்சா? தூக்கமே வரவில்லை.

15 ஆகஸ்ட், வெள்ளி
கோபப்பட்டு ஆகாது என்று இனிப்பாகப் பேசினேன். "அண்ணே, உங்கப்பா பேரு எங்க மாடியிலேருந்து அம்சமா தெரியுது. வந்து பாருங்க லா."
தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். எட்டிப் பார்த்தார். வீராச்சாமி மேல் முழுக்கக் காக்கை எச்சம். வீ மட்டும் மிச்சம்.
"எத்தன நாளா இப்படி?"
"தெனமும்தான் அண்ணே. பெரிய எழுத்தாச்சே, குறி தப்புமா?"
நான் போட்ட கோப்பியைத் தொடாமலே இறங்கிப் போனார்.

18 ஆகஸ்ட்
தலைவரே ஆள் கூட்டிவந்து சுரண்டுகிறார். முதலில் அப்பா பேர்.

19 செப்டம்பர், வெள்ளி
பூசை முடிந்து கொடுத்தவர் பேர்களை மைக்கில் படித்தார்கள். ஒவ்வொருத்தரும் தன் பேர் வரும்போது வேட்டியைச் சரிசெய்துகொள்கிறார்கள். பில் நன்றாக இறங்கிவிட்டதாம். "என் யோசனைதான்" என்றார் தலைவர், அதையும் மைக்கில்! வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். பெரியவர்கள் தொடர்ந்து வரலாம் என்றும் சொன்னாரே, அதற்காக.

22 செப்டம்பர், திங்கள்
காலையில் இவரை மண்டபத்தில், விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்தேன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே நின்றேன். தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. இவர் நல்ல கையால் என்னைத் தள்ளினார், போ போ என்று.
ஓடினேன்.