ரொட்டி வராத நாட்கள்

அக்கா,

நேற்று உன் மகள் வீட்டு அடுக்களையில் ஒரு மாவுப் பொட்டலம் இருந்தது. ஏதோ சீமை ராணியின் கல்யாணப் பட்டைச் சுற்றி வைத்ததுபோல அத்தனை பளபளப்பு. கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தேன். அரிசி மாவு, மரவள்ளிக் கிழங்கு மாவு. நம் மரச்சீனிதான். விலையையும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த விலைக்கு அன்றைக்குப் பாறசாலைச் சந்தையையே, விற்க வந்த ஆட்களோடு சேர்த்து வாங்கியிருக்கலாம்.

“மரச்சீனிக்கா பிள்ளே இந்த வில?”

“கோதும இல்லாத மாவாக்கும் மாமா. அந்த ‘இல்ல’க்குத்தான் பைசா” என்றாள்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு நடந்தது இது. அறுபதைத் தாண்டியதும் அவளுக்குச் சர்க்கரை வந்தது. ராத்திரிக்குச் சப்பாத்தி தின்னச் சொன்னார்கள். நீ விலக்கியது ரொட்டியைத்தானே என்று தின்றாள். சின்ன வயதில் நின்றுபோன வயிற்றுப்போக்கு திரும்பி வந்து, ஆள் பாதியானாள். திருவனந்தபுரத்தில் ரத்தம் எடுத்து, குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, சீலியாக் என்று பெயர் சொன்னார்கள். கோதுமை பட்டாலே குடல் புண்ணாகுமாம். பெருங்காயத்திலும் மைதா கலப்பதுண்டு என்பதால் அதற்கும் தனி டப்பா. தனி மிக்சி, தனி தோசைக்கல். வெளியூர் போனால் கையில் தனிப் பிஸ்கட். அதில் ஒன்றைக் கடிப்பதற்குள் ஒரு தென்னந்தோப்பு கைமாறிவிடும். பென்ஷனில் பாதி இதற்கே போகிறது என்றாள். முறையிடவில்லை, சொன்னாள்.

பெயர் தெரியாத காலத்தில் அந்த நோயோடு நீ பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

அவளுக்கு அப்போது மூன்று வயது. வயிறு பானை, கைகால் முருங்கைக்காய். தின்பதெல்லாம் வெளியே போகும். நோயில் கிடக்கும் தீனக்காரப் பிள்ளைக்கு ரொட்டிதான் ஆகாரம் என்பதை நம் சபையில் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளையாக வைத்திருந்தார்கள். அத்தானின் வாத்தியார் சம்பளம் நெய்யாற்றின்கரை ரொட்டிக்கடைக்குப் போனது. உன் கோழிகள் இட்டதெல்லாம் சந்தைக்குப் போய் ரொட்டியாகத் திரும்பி வந்தது. வீட்டில் எல்லோருக்கும் மரச்சீனி, அவளுக்கு மட்டும் பாலில் நனைத்த ரொட்டி. அவளோ தேய்ந்துகொண்டே போனாள்.

நான் அப்போது திருவிதாங்கூர் எல்லைப் போராட்டத்தின் மாபெரும் தளபதி. தமிழ் பேசும் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று நான் தொண்டையைத் திறந்தால் கொல்லத்தில் தேங்காய் உதிரும். என் சேனையில் ஏழு பேரும் ஒரு பனந்தடியும் இருந்தோம். அந்தத் தடியை ரோட்டில் போட்டு நெய்யாற்றின்கரை பஸ்ஸை மறித்த அன்று, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி கூட்டத்துக்குள் வந்தாய்.

“எலே, வண்டிய விடு. அதுக்குள்ள எனக்க பிள்ளைக்கு ரொட்டி உண்டு.”

“அக்கா, இது நாட்டுக் காரியமாக்கும்.”

“உனக்க நாட்ட நாளைக்கும் கேக்கலாம். இவ நாளைக்கு இருப்பாளாலே?”

பஸ் ரொட்டியோடு திரும்பிப் போய்விட்டது. நீ என்னோடு பேசுவதை நிறுத்தினாய்.

பிறகு கடையடைப்பு, போலீஸ், தடை. வாரக்கணக்கில் பஸ் ஒழுங்காக ஓடவில்லை. வேறு வழியில்லாமல் மரச்சீனியை அவித்து மசித்துக் கஞ்சியில் கரைத்துப் பிள்ளைக்கு ஊட்டினாய். ஒருநாள் வேலிக்கு அப்புறத்திலிருந்து கூப்பிட்டாய்.

“மக்கா, இங்க வா. இவ வயித்தத் தொட்டுப் பாரு.”

பானை வற்றியிருந்தது. தொட்ட கையைப் பிடித்துக் கடித்தாள்.

வண்டி ஓடியதும் அத்தான் ஆசையாக ரொட்டி வாங்கி வந்தார். இரண்டு மூன்று நாளில் வயிறு மறுபடியும் உப்பியது. நீ ரொட்டியை அவள் வாயருகே கொண்டுபோகாமல் கீழே வைத்தாய். “இதாக்கும் இவளக் கொல்லுது” என்றாய்.

உன் மாமியார் வெடித்தாள்: “தீனக்காரப் பிள்ளைக்கு மரச்சீனியா? ஆளுவ கேட்டா காறித் துப்புவாவ. வாத்தியாருக்க வீடாக்கும் இது!”

“துப்பட்டும். தொடச்சிக்கிடுதேன்.”

வைத்தியரும் உன் பக்கம் இல்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால், தாயே பட்டினி போட்டுக் கொன்றாள் என்றுதான் பேசியிருப்பார்கள். அது தெரிந்தும் நீ அசையவில்லை. சபைக்காரர்கள் கொண்டுவந்த ரொட்டியையெல்லாம் வாசலிலேயே வாங்கி என் கையில் தந்தாய். அதைத் தின்று நான் ஊதிய ஊதலில் சேனை எட்டுப் பேராகத் தெரிந்தது.

கடைசியில் எல்லை போட்டபோது நம் பாறசாலை கேரளத்துப் பக்கமே நின்றுவிட்டது. பஸ்ஸை மறித்து மருமகளின் உயிரைக் காப்பாற்றியவன் நான்தான் என்று குளத்தூர் முதல் பொழியூர் வரை கல்யாண வீடு தவறாமல் அளந்தேன். நீ ஒருநாளும் மறுத்ததில்லை. சிரித்தபடி என் இலையில் குழம்பு ஊற்றிவிட்டுப் போவாய். ஆனால் பஸ் திரும்ப ஓடத்தான் செய்தது, ரொட்டியும் வரத்தான் செய்தது. வந்ததை வேண்டாம் என்று சொன்னவள் நீ.

இப்போது நான் தீனமானவர்களைப் பார்க்க ரொட்டி வாங்காமல் வெறுங்கையோடுதான் போகிறேன். உட்கார்ந்ததும், “எது தின்னா ஒத்துக்கிடுது?” என்று கேட்பேன். டாக்டர் சொன்னதைச் சொல்லத் தொடங்குவார்கள். “அது கெடக்கட்டும், நீ தின்னு பாத்தத சொல்லு” என்பேன். கருமி என்று ஊருக்குள் பேர். அவர்கள் சொன்னதை மறுநாள் வாங்கிக்கொண்டு போவேன்.