அப்பா பிரித்துவிட்ட தையல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை.

பிரசவத்துக்கு நான் வரப்போவதில்லை கண்ணு. போனில் சொன்னால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், அதனால் எழுதுகிறேன். மார்புக் கட்டியை எடுத்தபோது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள் அல்லவா, பிறகு அதே இடத்தில் கதிர்வீச்சு என்று கரண்டும் வைத்தார்கள். கையில் ஊறுகிற நீர் வடிந்துபோகும் வழி அதோடு கெட்டுவிட்டதாம். ஒரு வருஷம் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் சாயங்காலமானால் இடது கை கனக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், துணி துவைத்த அலுப்பு என்று விட்டுவிட்டேன். ஜாக்கெட் கை பிடித்தது. தையற்காரர் பெண்டாட்டிக்கு அதற்கென்ன பஞ்சம், அப்பா பிரித்துவிட்டார். மறுபடி பிடித்தது, மறுபடி பிரித்தார். எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் சதை போடுகிறாள் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. எம் பொண்டாட்டி தேறிட்டாய்யா என்று பக்கத்துக் கடை இஸ்திரிக்காரரிடம் சொல்லிச் சிரித்தாராம். ஊருக்கே அளவெடுக்கிற மனுஷனுக்கு, ஒரு கையை மட்டும்தான் பிரிக்கிறோம் என்பது உறைக்கவில்லை. எனக்கும்தான்.

போன மாதம் காய் நறுக்கும்போது அந்தக் கை விரலில் கத்தி பட்டது. விடிவதற்குள் கை முழுக்கச் சிவந்து காய்ச்சல் தூக்கிப் போட்டது. டாக்டரம்மா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், குழியே விழவில்லை, உள்ளே இறுகிவிட்டதாம். மொதல்லயே வந்திருந்தா வீக்கத்த அடக்கியிருக்கலாம், இனிமே கூடாம பாத்துக்கலாம், முழுசாப் போகாது என்றார். இப்போது தினமும் காலையில் விரலிலிருந்து தோள்வரை அப்பாதான் இறுக்கிக் கட்டு போடுகிறார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நேற்று ஒரு தலையணையைப் பிள்ளை மாதிரி இடது கையில் ஏந்திப் பார்த்தேன். நழுவி விழுந்தது. தலையணையாகப் போயிற்று.

பிரசவத்துக்குக் கூட இருக்கும்படி உன் மாமியாரிடம் இப்போதே சொல்லி வை, ரோஷம் பார்க்காதே. சத்து மாத்திரையை விடாதே, படியில் பார்த்து இறங்கு. அப்பாவிடம் பேசும்போது என் கையைப் பற்றி மட்டும் கேட்காதே. கட்டு போடும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நீண்ட காலம் இரு. பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா