சுவரோரத்து நட்டு

ஜூன் 9, திங்கள்
விடியல்லயே மழை. ரப்பர் பால் வெட்டு இல்ல.
வீட்டுக்குப் பின்னால புரையில, சோதனைக் குழாயோட பிரஷர் கேஜ் பாத்தேன். 4. ஹைட்ரஜன் சிலிண்டர் வால்வ மெள்ள திறந்து 5 ஆக்கி அடச்சேன். வீட்டுக்காரவிய இறந்து இருபத்திமூணு நாள். வேற யாரு செய்ய?
இரும்புக் குழாய்க்குள்ள நிக்கல் பொடி. அது ஹைட்ரஜனக் குடிச்சா உள்ள அணுவும் அணுவும் சேர்ந்து தானா சூடு வரும்னு அவிய நம்பிக்கை. தெனமும் கேஜ் முள்ளு இறங்கும். "ஏட்டி, குடிக்குது பாரு"ம்பாவ. கைப்பிள்ளை பால் குடிச்ச மாதிரி சந்தோசம்.
கொளுந்தன் ராஜன் வந்தான். "மைனி, இது வெடிச்சா புரை ஓடெல்லாம் சர்ச்சு முத்தத்துலதான் கிடக்கும்."
"அத பொறுக்கவாவது நீ சர்ச்சுக்கு வருவ."
வெள்ளிக்கிழமை ஸ்டீபன் வருகான். கல்ஃப்ல அவிய கூட கேஸ் பிளாண்டுல நின்னவன். எல்லாத்தையும் குழித்துறைக்கு கொண்டுபோய், அவிய நோட்டப் பாத்து தொடர்ந்து செய்வானாம். அவிய பேர் நிக்கும்.

ஜூன் 10, செ.
அனுப்புகதுக்கு முன்ன துடைச்சேன். சோப்புத்தண்ணி, பழைய துணி. சுவரோரம் ஒரு நட்டு. அவிய கை அங்க நுழையாது. என் கை உள்ள போச்சு. நுரையில குமிழி. துடைச்சேன். மறுபடியும் குமிழி.
கேஸ் ஒழுகுது.
ஸ்பானரால கால் திருப்பு இறுக்கினேன். குமிழி நின்னுது. கேஜ 5 ஆக்கி வச்சேன்.

ஜூன் 11, பு.
காலைல 5. மத்தியானம் 5. விளக்கு வைக்கும்போ 5.
வாங்க: உப்பு, சோப்பு, கோழித்தீவனம்.

ஜூன் 12, வி.
5. நிக்கல் குடிக்கல்ல. குடிச்சதே இல்லியோ, இத்தன நாளும் ஒழுகினதுதானோ.
அவிய அது தெரியாமத்தான் போனாவ. சந்தோசமாத்தான்.
நட்ட திரும்பவும் கால் திருப்பு இளக்கி விட்டா யாருக்கும் தெரியாது. ஸ்பானர எடுத்தேன். ஸ்டீபன் வீட்டுல ரெண்டு பிள்ளைய. கேஸ் ஒழுகுத சாமானு. திரும்ப வச்சேன். ராத்திரி சோறு உண்ணல்ல.

ஜூன் 13, வெ.
மழை விட்டு விட்டு. ஸ்டீபன் வந்தான். நட்டக் காட்டிச் சொன்னேன். தரையில உக்காந்துட்டான்.
பிறகு, "அண்ணன் கை பனங்காய் மாதிரி இருக்கும். இந்த மூலைக்கு எங்க எட்டும்?"
ரெண்டு பேரும் சிரிச்சோம். எனக்கு அழுகையும் வந்துது.
அண்ணன் நோட்டத் திறந்து தப்பான ரீடிங்க கோடு போட்டு வெட்டத் தொடங்கினான். நானும் அப்பந்தான் நோட்டுக்குள்ள பாக்கேன். ஒவ்வொரு வரி கடைசியிலயும் அவிய எழுத்துல, 'பார்த்தது: ரோஸி'. முள்ளு எங்க நிக்குன்னு நாந்தானே சொல்லுவேன்.
"நம்பர வெட்டு மக்கா. என் பேர விடு."
விட்டான்.
அடுப்பு அணைச்சு, கதவு ஜன்னல் திறந்து, உள்ள கேஸ விட குழாயில டியூப மாட்டி, நுனிய வெளிய வாளித்தண்ணில போட்டோம். "நான் திறக்கட்டாக்கா?" வேண்டாம்னேன். வால்வு என் கையில. ஒண்ணு ஒண்ணா குமிழி. 4. 3. பூச்சியம் வர முக்கா மணி நேரம்.
சாமான ஜீப்புல ஏத்தியாச்சு. "இனி முதல்ல இருந்து செய்யணும்க்கா. சின்னக் கை ஒண்ணு வேணும். அடுத்த சனிக்கிழமை வருவியளா?"
குழித்துறைக்கு காலைல எத்தன மணிக்கு பஸ்சுன்னு கேட்டேன்.