நோ பெயின், சிஸ்டர்

செவ்வாய், இரவு

அயர்லாந்து நர்ஸ் வேலைக்கான செய்முறைத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். தினமும் சாயங்காலம் அப்பாதான் என் நோயாளி. வலி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டால், "நோ பெயின், சிஸ்டர்" என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். இன்றும் அப்படியே சொன்னார். ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். முப்பத்திரண்டு; இருபதுக்குள் இருக்க வேண்டியது. தாளில் எழுதிக்கொண்டு, நேரமாகிறதே என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

சுரங்கத் தூசு அரித்த நெஞ்சு அது. எனக்குத் தெரியாதா?

காலையிலிருந்தே நெஞ்சு குத்துகிறதாம். அம்மா சொன்ன பிறகுதான் ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம்.

"ஏம்பா என்னாண்ட சொல்லல?"

"நீதானம்மா அப்பிடி சொல்லச் சொன்ன. மாத்திச் சொன்னா உனக்கு மார்க் போயிடுமில்ல?"

ஆக்சிஜன் மாஸ்க்கைச் சரிசெய்தபடி, இப்போது வலிக்கிறதா என்று தமிழில்தான் கேட்டேன். ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.