குக்கரை எடுக்க வேண்டாம்

அத்தை,

சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் குக்கரை எடுக்க வேண்டாம். அதன் அடியில் ஹார்ட் டிஸ்க்கின் ஒயர் இருக்கிறது. அது லேசாக அசைந்தாலும் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கை மறந்துவிடுகிறது. அதனால் இன்று சமையல் இல்லை. ரொட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

லேப்டாப் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மகள் குறட்டை விடும் வீடியோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இப்போது ஹார்ட் டிஸ்க்குக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. பச்சைக் கோடு முழுதாக நிறைந்தபின் குக்கரை எடுக்கலாம்.

“என் பொண்ணு குறட்டையே விடமாட்டா. அது நீங்கதான் மாப்பிள்ளை, அழிச்சிடுங்க” என்று நேற்றும் சண்டை போட்டீர்கள். நான்தான் என்றால் வீடியோ எடுத்தது யார்? அவளும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. நிரூபிக்கத்தான் எடுத்தேன். அவள் போனபின் அவள் சத்தம் என்று மிஞ்சியது அது மட்டும்தான். தயவுசெய்து அழிக்காதீர்கள்.

சாவி செருப்பு அலமாரியில்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: முந்தாநாள் சீக்கிரம் வந்துவிட்டேன். லேப்டாப்பில் அந்த வீடியோவை ஓடவிட்டு நீங்கள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நீங்களும் குறட்டைதான். எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. எழுப்ப மனம் வராமல் நானும் தரையில் படுத்துத் தூங்கிவிட்டேன்.