உன் படகுத்துறை முன்னால் விளைந்த அரிசி

வாத்துக்கழுத்து ஏரி, வட மினசோட்டா
ஜூன் 19

டுவேனுக்கு,

உன் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை எழுது. எழுத்தில் இருந்தால் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது.

இன்று காலை தோணியில் போய்ப் பார்த்தேன். ஏரியில் தானாக முளைக்கும் நம் மனோமின் அரிசி, இந்த மாதத்தில் இலையைத் தண்ணீர்மேல் விரித்துப் படுத்துக் கிடக்கும். வேர் இன்னும் சேற்றைச் சரியாகப் பிடித்திருக்காது. இது எனக்குச் சதுப்புநில ஆய்வாளராகத் தெரியும்; உனக்கு அதற்கு முன்பிருந்தே தெரியும். தெரிந்தும், ஏரிவீட்டுக்காரர் சங்கத்தின் படகு ஊர்வலத்துக்காக மதகில் பலகைகளை இறக்கியிருக்கிறாய். தண்ணீர் ஒரு சாணுக்கு மேல் ஏறிவிட்டது. பாதிப் பயிர் வேரோடு பிடுங்கிக்கொண்டு மேற்குக் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது. கேட்டவர்களிடம் மழை என்று சொன்னாயாம். என் மழைமானிக்குள் ஒரு தும்பி செத்துக் காய்ந்து கிடக்கிறது.

செப்டம்பரில் என் அண்ணன் லெராய் இறந்து ஒரு வருஷம். அவன் நினைவு விருந்தில் அவனுக்கென்று வைக்கும் தட்டில் இந்த ஏரியின் அரிசிதான் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். மார்ச்சில் நான் உன்னை விட்டு வந்ததற்குப் பதில் இது என்றால், என்னிடம் காட்டியிருக்கலாம். செத்தவனிடம் காட்டியிருக்க வேண்டாம்.

ஆர்லீஸ்

ஜூன் 28

ஆர்லீஸ்,

நலமா என்று கேட்டால் அதற்கும் ஒரு அளவு சொல்வாய். அதனால் கேட்கவில்லை.

மதகைப் பார்ப்பது என் வேலை. சங்கம் சொன்னால் பலகை இறக்குவேன், சொன்னால் எடுப்பேன். ஊர்வலம் முடிந்ததும் எடுத்துவிட்டேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். லெராய் எனக்கும் நண்பன். இருந்திருந்தால், "அவ கையில குச்சி இருக்கிற வரைக்கும் எதையாவது அளந்துகிட்டேதான் இருப்பா, விடுறா" என்று சிரித்திருப்பான்.

நீ போகும்போது தோணியை எடுத்துக்கொண்டாய், சரி. தட்டுக்கோல் இரண்டையும் ஏன் எடுத்தாய்? கல்யாணமான குளிர்காலத்தில் உன் கைப்பிடிக்கு அளவெடுத்து தேவதாருவில் செதுக்கியவை. உன் கைக்காகத்தான், ஆனால் செதுக்கியது நான். இத்தனை வருஷம் நான் கழி ஊன்றினேன், நீ அவற்றால் கதிரைத் தோணிக்குள் தட்டினாய். அது முடிந்துபோனதென்றால் கோல்கள் உனக்கு எதற்கு? திருப்பி அனுப்பு.

கொல்லையில் காட்டு ஸ்ட்ராபெர்ரி பழுத்துக் கிடக்கிறது. பறிக்க ஆளில்லை.

டுவேன்

ஜூலை 22

டுவேனுக்கு,

மதகு பற்றிய கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் தொப்பியை முகத்தில் இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் வாளியை மேசைமேல் கவிழ்த்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தாய். அழுகிய பயிரின் நாற்றம் சங்கத்துத் தலைவரின் சட்டையில் ஒரு வாரமாவது இருந்திருக்கும். அறுவடை முடியும்வரை மதகுச் சாவி நம் பழங்குடி மன்றத்தின் அரிசி அலுவலகத்தில் இருக்கும் என்று முடிவானது. அரிசி அலுவலகம் என்றால் நான்.

நீ எடுக்காமல் விட்டிருந்த பலகைகளையும் எடுத்துவிட்டேன். தண்ணீர் இறங்குகிறது. பிழைத்த பயிர் நிமிர்ந்து நிற்கிறது. அதிலும் உன் படகுத்துறையைச் சுற்றித்தான் அடர்த்தி. உன் உல்லாசப் படகு அதற்குள் தரைதட்டிச் சாய்ந்து கிடப்பது ரோட்டிலிருந்தே தெரிகிறது. பயிரை வெட்டி வழி செய்ய அனுமதி வேண்டும். விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வரும். எழுது. ஆற அமரப் படிப்பேன்.

கோல்களை அனுப்பமாட்டேன். அவற்றுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஆர்லீஸ்

ஆகஸ்ட் 27

ஆர்லீஸ்,

விண்ணப்பம் போடவில்லை. அந்தச் சந்தோஷத்தை உனக்குத் தரப்போவதில்லை.

ஏரியை என்றைக்குத் திறக்கலாம் என்று பார்க்க நேற்று ஹெர்ப் வந்தார். அரிசித் தலைவர் அவர்தானே, அவர் சொல்லாமல் யாரும் ஒரு கதிரைத் தொட முடியாது. கதிர் நன்றாக முற்றியிருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் தோணி இறக்கும் கிழக்குக் கரையில் தண்ணீரே இல்லை, வெறும் சேறு. ஹெர்ப் கழியை ஊன்றினார். பாதி உள்ளே போய்விட்டது. அப்படியே நின்று, "யாரு மேல இருந்த கோவத்துல இவ கடைசிப் பலகைய எடுத்தா?" என்றார். என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

மழை இல்லை. இனிப் பலகை போட்டாலும் ஏரி நிறையாது. என் துறை முனையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. என் படகுக்குப் போதாத தண்ணீர், தோணிக்குப் போதும். எல்லாரும் வரட்டும். காபி போட்டு வைக்கிறேன், உன் அம்மாவுக்கு நாற்காலி போடுகிறேன். நீயும் வரலாம். ஆனால் எல்லார் முன்னாலும் வாய் திறந்து, "டுவேன், உன் துறையில இறங்கிக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும்.

கோல்களையும் கொண்டு வா.

டுவேன்

செப்டம்பர் 30

டுவேனுக்கு,

கடைசிப் பலகையை உனக்காகத்தான் எடுத்தேன். பயிருக்கு அது தேவையில்லை. ஹெர்ப் கேட்டபோதும் இதையே சொன்னேன். அவர் கையை நீட்டினார், சாவியைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் மதகு உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

மற்றவர்கள் உன் காபியைக் குடித்துக்கொண்டிருந்தபோது, நானும் சித்தி மகள் வயலாவும் கிழக்குக் கரைச் சேற்றில் தோணியை இழுத்துக்கொண்டிருந்தோம். என் பூட்ஸ் ஒன்று இன்னும் அங்கேதான் புதைந்திருக்கிறது. தண்ணீரை எட்டியதும் ஏரிக்குக் காணிக்கையாக ஒரு சிட்டிகைப் புகையிலை போட்டுவிட்டு, நேராக உன் துறைக்கு எதிரே வந்து தட்ட ஆரம்பித்தேன், உன் கோல்களால். வயலாவுக்குக் கழி பழக்கமில்லை. சுற்றிச் சுற்றி வந்தோம். நீ துறை முனையில் நின்று, "ரொம்பப் பின்னால ஊன்றா பாரு, இடுப்புக்கு நேரா ஊனச் சொல்லு அவள" என்றாய். நான் திரும்பவில்லை. அவள் நீ சொன்னபடி ஊன்றினாள், தோணி நேராகப் போயிற்று. அன்று முழுக்க எனக்கு அதுதான் ஆத்திரம்.

விருந்துக்கும் வந்தாய். அந்த விருந்தில் யாரையும் வாசலில் நிறுத்தக் கூடாதென்று தெரிந்துதான் வந்தாய். உனக்கும் என்னையே பரிமாறச் சொன்னாள் அம்மா. லெராய்க்கு வைத்த தட்டில் உன் துறை முன்னால் விளைந்த அரிசி இருந்தது. உன் தட்டிலும் அதே அரிசி. நீ மறுபடி வாங்கிச் சாப்பிட்டாய். "இந்த வருஷம் வறுத்ததுல ஒரு தனி வாசம் இருக்கே ஆர்லீஸ், என்ன வெறகு?" என்று கேட்டாய். லெராய் தட்டுக்கு முன்னால் சண்டை வேண்டாமென்று பேசாமல் இருந்தேன்.

தேவதாரு. ஜூனிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாயே, அந்தக் கோல்கள். அரிசி வறுத்த அண்டாவுக்கு அடியில் கடைசியாக வைத்தேன். நன்றாகக் காய்ந்திருந்தன, சட்டென்று பற்றிக்கொண்டன.

இனி எழுதாதே.

ஆர்லீஸ்